கைமாற்று

மூன்று சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்து
என் ரிமோட் மான்ஸ்டர் டிரக்குக்கு
அலுமினியத்தில் வாங்கினேன்
நாலு கை, நாலு ஷாக்.
ஃப்ரிட்ஜைத் திறந்தால் விழும்
கொஞ்ச வெளிச்சத்துக்கே மின்னும் நீலம்.

"நம்ம காருக்கா?" என்றாள் ரோவீனா.
நம் காருக்கு ஷாக் போய் இரண்டு வருஷம்.
வீட்டுக்கு முன் தபால்பெட்டி வளைவில்
ஒவ்வொரு முறையும் முனகும்.
"இல்ல" என்றேன்.
அவள் மஃபின் தட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.
அதன் பன்னிரண்டு குழியிலும் என் திருகாணிகள்.

ஷாக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு
பிஸ்டனை மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றி,
காத்திருக்க வேண்டும்.
குமிழி ஒன்று கிளம்பி வரும்,
விளிம்பில் நின்று யோசிக்கும்,
பிறகு உடையும்.
ஒன்றே ஒன்று உள்ளே தங்கினாலும்
தாவி இறங்கும்போது
சொதக் என்று காட்டிக்கொடுத்துவிடும்.
இரவு ஒன்றரை வரை குமிழி பார்த்தேன்.
மாட்டிறைச்சி ஆலையில் கன்வேயர் பழுதுபார்ப்பவன் நான்.
அங்கே எதற்கும் இவ்வளவு நேரம் தந்ததில்லை.

ஞாயிறு.
மூடிப்போன பௌலிங் கூடத்துக்குப் பின்னால் மண் தடம்.
எவாரிஸ்தோ ஹோஸ் பிடித்துத் தண்ணீர் தெளிக்க,
கான்சாஸ் காற்று அதில் பாதியைத் திருப்பி
எங்கள் மேல் தெளித்தது.
ஆர்லின் ஷ்மிட்பெர்கர் வந்திருந்தான்.
தானியக் கிடங்கில் வேலை, காதுமடலில் கோதுமைத் தூசி.
அவன் வண்டி
பெட்டியிலிருந்து எடுத்த அன்று எப்படியோ அப்படியே.
பிளாஸ்டிக் கை, பிளாஸ்டிக் ஷாக்,
கூரையை டேப் போட்டு ஒட்டியிருந்தான்.
என்னுடையதைக் குனிந்து பார்த்தான்.
"கண்காட்சிக்கா?"

முதல் ஓட்டத்தில் என் நீலம்
கூழாங்கல்லுக்கெல்லாம் துள்ளியது.
ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு.
இரட்டை மேட்டில் பறந்து
எல்லைக் குழாயில் போய் மோதியது.
பிளாஸ்டிக் வளைந்தால் திரும்பி வரும்.
அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான்.
இடது முன்சக்கரம்
கோபித்துக்கொண்டவன் போல
வேறு பக்கம் பார்த்து நின்றது.

இருபது நிமிட இடைவேளை.
ஆர்லின் தன் பெட்டியைக் கிளறி
கை கொடுத்தான்.
பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜக் கை.
கறுப்பு, கீறல் விழுந்தது,
அவனிடம் மிச்சமிருந்த ஒன்றே ஒன்று.
"எண்ணெயையும் மாத்து" என்றான்,
"தேன் மாதிரி இருக்கு."
முன்னால் இரண்டுக்குத்தான் நேரமிருந்தது.
குமிழி பார்க்க நேரமில்லை.

மூன்று நீலம், ஒரு கறுப்பு.
இரண்டாவது ஓட்டத்தில்
என் வண்டி திருப்பங்களில் தோளைச் சாய்த்து,
மண்ணைக் கேட்டுக் கேட்டு ஓடியது.
மேட்டில் இறங்கும்போதெல்லாம் சொதக், சொதக்.
சொதக்கென்றபடியே
அவனை ஒரு டயர் அகலத்தில் முந்தினேன்.
கோட்டைத் தாண்டியதும் அவன் வண்டி கவிழ்ந்தது.
இடது முன்கை, இரண்டு துண்டு.

கடைசி ஓட்டத்துக்கு இருபது நிமிடம்.
அவன் பெட்டியைக் கிளறினான்.
நிறுத்தினான்.
என்னைப் பார்க்கவில்லை,
என் வண்டியைப் பார்த்தான்.
கேட்கவில்லை.
நானும் நீட்டவில்லை.
கைமாற்றுக்கு அவன் கெடு சொல்லவில்லையே என்று
எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து பேசினான்.
நான் குனிந்து
குமிழி பார்ப்பவனைப் போல
ஷாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவாரிஸ்தோ கொடி அசைத்தான்.
ஆர்லின் தடத்தின் ஓரம் வந்து நின்று,
கவிழ்ந்த வண்டிகளை ஓடி ஓடி நிமிர்த்தினான்.
என்னுடையதையும் ஒரு தடவை.

பரிசு, பொன்வண்ணம் அடித்த பௌலிங் பின்.
இருட்டிய பிறகு கிளம்பினேன்.
ரோவீனா பக்கத்தில்,
பின் அவள் மடியில்.
"ஜெயிச்சிட்டியா, உண்மையாவே?" என்றாள்.
தபால்பெட்டி வளைவு வந்தது.
கார் முனகியது.